ரோஸ்லின் அக்கா குடியிருந்து பார்த்த வீடுகள்

செய்தியைச் சொன்னவர் அக்காவின் வீட்டில் குடியிருக்கும் செல்வி. காலை ஆறரை மணிக்குக் கைபேசி அடித்தது. அந்த நேரத்தில் மணி அடித்தாலே எனக்குப் பயம். என் வீட்டு மாடியில்தான் ஏதோ ஆகிவிட்டது, மோட்டார் எரிந்துவிட்டது, சுவர் இடிந்துவிட்டது என்று மனம் முந்திக்கொண்டு ஓடும். "சார், ஓனரம்மா போய்ட்டாங்க சார். தூக்கத்துலயே" என்றார் செல்வி. என் வீட்டில் ஒன்றும் இல்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

கிண்டியில் ஒரே கம்பெனியில், ஒரே பிரிவில், இருபது வருடம் அக்காவோடு வேலை பார்த்தவன் நான். இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களில் பலரும் அப்படித்தான். சிலர் கிழக்குத் தாம்பரத்தில் அவருடைய ஆறு போர்ஷன்களில் ஏதோ ஒன்றில் வாழ்ந்தவர்கள். கணவர் போன பிறகு அந்த வீட்டைத் தனியாளாக நடத்தியவர் அவர். வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது எப்படி என்று சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குக் கேட்பார்கள். "நிம்மதியா? அத யாரு குடுக்கறா, சொல்லு, நானும் ரெண்டு வாங்கிக்கறேன்" என்று டப்பாவை மூடுவார்.

ஓய்வு பெற்றதும் கீழ்க்கட்டளையில் என் வீட்டுக்கு மேலே இரண்டு போர்ஷன் கட்டினேன். அன்றோடு போனது என் தூக்கம். முதலில் குடிவந்தவர்கள் காலண்டர் மாட்ட ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. மாடிக்குப் போய்க் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். அக்காவுக்குப் போன் செய்தேன். "இன்னாப்பா சங்கரா, ஆணிக்கே இப்புடின்னா அவங்க ஊஞ்சல் மாட்னா இன்னா பண்ணுவ? பேஜார் பண்ணாத, போய் படு" என்று வைத்துவிட்டார். அவர்கள் ஊஞ்சலும் மாட்டுவார்களோ என்று அதற்குப் பிறகு ஒரு வாரம் பயந்தேன்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவருடைய குடித்தனக்காரர்களுக்கே பாதிப் பேருக்கு அது தெரியாது. ஒரு போர்ஷன் காலியானால், அடுத்தவருக்குச் சாவி கொடுக்கும் முன் ஒரு பகல் முழுவதும் அவரே அங்கே குடியிருப்பார். பாய், பக்கெட், சின்ன அடுப்பு, மாற்றுப் புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுவார். டீ போடுவார், குளிப்பார், துணி துவைப்பார், எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்ப்பார், ஒவ்வொரு தாழ்ப்பாளையும் உள்ளேயிருந்து போட்டுத் திறப்பார். மாலையில் வெளியே வரும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். "குடி வர்றவன் கண்டுபுடிச்சா சண்ட. நாம கண்டுபுடிச்சா வெறும் வேல" என்பார். என்னையும் செய்யச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஆடி மாதத்தில் யார் வீடு மாறுவார்கள்? அந்த வருடம் என் மாடியில் ஒரு போர்ஷன் ஆடி முழுவதும் காலியாகக் கிடந்தது. ஆவணி பிறந்ததும் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கணவருக்கு நாவலூரில் வேலை, மனைவி பெயர் ஜனனி, எட்டு மாதக் குழந்தை. நாளைக்கே நல்ல நாள், பால் காய்ச்ச வேண்டும் என்றார்கள். ஒரு நாள் பொறுங்கள் என்று சொன்னால் வேறு வீடு பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். மாடிக் குளியலறையில் பக்கெட் உருண்ட சத்தம் கேட்டது. பிறகு குழந்தை அழுதது. நிறுத்தாமல் அழுதது. ஜனனியின் குரல் மட்டும் கேட்கவில்லை. படிக்கட்டின் கீழே போய் நின்றேன். ஒரு உயிர் மேலே என்னவோ ஆகிக்கிடக்கிறது, நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கை தானாக அக்காவின் எண்ணை அழுத்தியது. திக்கித் திக்கிச் சொன்னேன்.

"மெயின ஆஃப் பண்ணியா?"

"இல்லக்கா..."

"அத பண்ணிட்டு மேல ஓடு. அப்பால பேசிக்கலாம். ஓடுய்யா!"

ஓடினேன். குளியலறை வாசலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். முழங்கையில் ரத்தம். கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. குழந்தைக்கு வெந்நீர் பிடிக்கக் குழாயைத் தொட்டிருக்கிறாள். ஷாக் தூக்கி எறிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எலெக்ட்ரீசியன் வந்து பார்த்து, கீசருக்கு எர்த் வயரே கொடுக்கவில்லை என்றார். என் கீசர், என் வேலை. ஈரக்கையோடு எதையாவது தொட்டிருப்பாங்க என்று சொல்லிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். மாலையில் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அக்கா என் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார். "தப்பு உன்னுது. அத நீயே சொல்லு, அவங்க வாயால வர வுடாத" என்றார். ஜனனியின் கணவரிடம் சொன்னேன். அவர் கத்துவார், போலீசுக்குப் போவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. "கொழந்தைய அப்ப கையில வச்சிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பத்து நாளில் காலி செய்துகொண்டு போனார்கள். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் மாடியிலேயே குடியிருக்கிறது.

எல்லாவற்றையும் சரிசெய்து, மின்சாரம் கசிந்தால் தானாகவே நின்றுவிடும் சுவிட்சும் போட்ட பிறகு அக்கா மறுபடி வந்தார். துண்டைக் கையில் கொடுத்து, அதே குளியலறையில் குளிக்கச் சொன்னார். உள்ளே போய்க் குழாய் முன்னால் நின்றேன். கை நீளவில்லை.

"இன்னாப்பா, தண்ணி சத்தமே காணோம்?" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். நீ பயப்படு. குடி வர்றவங்க பயப்படக் கூடாது."

கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெந்நீர் வந்தது. ஐம்பத்தொன்பது வயதில் குளியலறைக்குள் நின்று அழுதேன் என்பதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது செல்வி என்னைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் கூட்டிப்போனார். குழந்தைகள் ஓடி விளையாடும் வாசலில், தரைக்குள் இருக்கும் சம்ப் அது.

"தெனம் எழுந்ததும் இந்த மூடியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் சார் அம்மா டீ குடிப்பாங்க. முட்டி வலியில குனிய முடியல, அப்பவும் என் தோளப் புடிச்சுகினு குனிவாங்க. இன்னாத்துக்கும்மான்னு கேட்டேன். 'ஆறு குடும்பத்த உள்ள வச்சுகினு பயமில்லாம எப்புடிடி இருக்கறது? ராத்திரில மூடி தொறந்து கீதுன்னு கனா வருது'ன்னாங்க."

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவர் மகன் அன்று மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வீட்டை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். என் இரண்டு போர்ஷனுக்கே ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு தைரியமான ஆளாகப் பாரப்பா என்றேன்.

"இல்ல அங்கிள். அம்மா போன மாசமே போன்ல சொல்லிட்டாங்க. 'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா சங்கரன் கிட்ட குடு. அவன்தான் பயப்படுவான்'னு."

நிம்மதியாக இருக்கும் வழி எதையும் அக்கா எனக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தன் பயத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து. அதை நான் வைத்துக்கொள்கிறேன். இன்று விடியற்காலையில் முதல் பஸ் பிடித்துப் போய் அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. கேட் வரை வந்தவன் திரும்பிப் போய் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.