செங்கேணி வீட்டுக் கல்மூங்கில்

போன வாரம் மருமகள் ஒரு மூங்கில் தொட்டியை வாங்கி வந்து பால்கனியில் வைத்தாள். "அத்தை, இதுக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. மூங்கிலைப் பற்றி நான் வாயைத் திறந்தால் சாம்பார் அடிப்பிடிக்கும்வரை மூட மாட்டேன். அன்றும் அடிப்பிடித்தது. உங்கள் அடுப்பில் ஒன்றும் இல்லையென்றால் கேளுங்கள்.

எழுபதுகளில் நான் அரசாங்கத்தின் கிராம சேவிகா. இருபத்திரண்டு வயது, கையில் குடை, வாய் நிறைய உபதேசம். சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் புகையில்லா அடுப்பின் மகிமையை அளந்துகொண்டிருந்தேன். மீன் விற்கும் செங்கேணி குறுக்கே புகுந்தாள்.

"அடுப்பு கெடக்கட்டும்மா. நானும் எம் பொண்ணுங்க ரெண்டும் விடியறதுக்கு முன்னால இருட்டுல குளிச்சிகினு கீறோம். மறைப்புக்கு ஓலை கட்னா காத்து தூக்கிகினு பூடுது. வெளிச்சத்துல நின்னு தலைக்கு ஊத்திக்கணும். அதுக்கு இன்னா வழி, அத்தச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. செங்கல்பட்டில் என் வாடகை அறைக்குத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை உண்டு. அதை ஒரு வசதியாக நான் நினைத்ததே இல்லை.

காற்றுக்குப் பறக்காத மறைப்பாக வளரட்டும் என்று, நாற்றங்காலில் கெஞ்சி நான்கு கல்மூங்கில் கிழங்குகள் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் மூன்றடித் தண்டு, அடியில் வேர், மேலே ஈரச்சாக்கு. "இன்னாம்மா, கொழந்தையா? மடியில வெச்சிக்கோ" என்றார் பஸ் கண்டக்டர். வைத்துக்கொண்டேன். என் ஒரே நல்ல புடவை சேறாயிற்று.

செங்கேணியிடமும் அவள் புருஷன் ஏழுமலையிடமும் பாடம் நடத்தினேன். கல்மூங்கில் உள்ளே கெட்டி, கடற்காற்றுக்கு மசியாது. இரண்டடிக் குழி வெட்டுங்கள், வெறும் மணல் ஆகாது, ஏரி வண்டலும் சாணமும் போடுங்கள். மழைக்கு முன்னால் நடுங்கள். மூன்று வருஷம் கத்தி படக் கூடாது. எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர.

பத்து நாள் கழித்துப் போனால் ஏழுமலை வாயெல்லாம் பல்லாக நின்றார். "மூணையும் உப்பங்கழில ஊறப் போட்டுட்டேம்மா. இனிமே வண்டு அரிக்காது!"

பாய்மரத்துக்கு வாங்கும் மூங்கிலை அவர்கள் அப்படித்தான் உப்புத் தண்ணீரில் அமிழ்த்திப் பதப்படுத்துவார்கள்.

"அய்யய்யோ, அது உயிரோட இருந்துச்சுய்யா!"

"மூங்கிலா? உயிரோடயா?" என்று திகைத்தார் மனுஷர். வெட்டி வண்டியில் வந்த மூங்கிலைத் தவிர அவர் வேறு மூங்கிலைப் பார்த்ததில்லை. கத்தித் தீர்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டவள் நான்.

செங்கேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

"நாலாவது எங்கே?" என்றேன்.

"அது ஆட்டுக்குட்டி கட்ட நட்டு வச்சேன்" என்றார் ஏழுமலை.

ஓடிப்போய்ப் பார்த்தோம். குளிக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில் நின்றது. கணுவில் நகக்கண் அளவு பச்சை. ஆடு அதை முகர்ந்துகொண்டிருந்தது! செங்கேணி போட்ட அலறலில் ஆடு கயிற்றோடு ஓடிற்று.

அதற்கப்புறம் அவள் என்னைப் பாடம் நடத்த விடவில்லை. காலையில் மீனோடு திருக்கழுக்குன்றம் போகும் கூடை, திரும்பும்போது ஏரி வண்டலோடு வரும். மீன் செதிலும் வண்டலும் கலந்த அந்த நாற்றம் இருக்கிறதே, சாமி! மழைக்கு மழை புது முளைகள் கிளம்பின. ஒருமுறை ஏழுமலை துடுப்புக்கென்று ஒன்றில் கை வைத்தார். "வெட்னே, வூட்ல சோறு கெடையாது" என்றாள். மனுஷர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்.

நான்கு மழைக்குப் பிறகு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். உச்சிவெயில். வீட்டில் ஆள் இல்லை. "செங்கேணி!" என்று கூப்பிட்டேன். பின்னால், ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து வளைந்து நின்ற மூங்கிலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அங்கியே நில்லும்மா. குளிச்சிகினு கீறேன். இன்னும் ரெண்டு கொடம் கீது!"

அந்த இரண்டு குடத்தையும் அவள் அவசரப்படாமல் ஊற்றிக்கொண்டாள். நான் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். மூங்கில் தூறு இருந்த இடத்தில் வரிசையாகக் கல்வீடுகள். செங்கேணியின் பேத்தி உள்ளே அழைத்துப்போய் டைல்ஸ் போட்ட குளியலறையைக் காட்டினாள். மூங்கில் போய்விட்டதே என்று எல்லோரும் போல நானும் வருத்தப்படப் பார்த்தேன், முடியவில்லை. இருட்டில் எழுந்து குளிக்கிற பெண்ணும் அந்தத் தெருவில் இப்போது இல்லை.