வெறும் சதை இல்லை, டாக்டர்

முந்தாநாள் காலை ஸ்ரீரங்கத்தில் என் காது-மூக்கு-தொண்டை கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "டாக்டர், அம்மா தவறிட்டாங்க." ஆரோக்கியமேரியின் மகள். பத்தொன்பது வருஷம் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் போய்விட்டார். வரிசையில் இருந்த அடுத்தவரைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். பாலக்கரையிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றபடியே வருவார். வந்ததும் முதல் திட்டு எனக்குத்தான். "மூக்கை மட்டும் பாக்காதீங்க டாக்டர், புள்ளையையும் பாருங்க."

நம் ஊரில் மூக்கு அடைத்தால் எல்லாமே சதைதான். மூக்குக்குப் பின்னால் வீங்கும் அடினாய்டும் சதை, மூக்குக்குள் தொங்கும் பாலிப்பும் சதை. ஜீயபுரத்திலிருந்து ஆறு வயது கயலை அவள் அம்மா கூட்டி வந்தபோது நானும் அப்படித்தான் சொன்னேன்: "சதைதாம்மா, எடுத்துட்டா சரியாயிடும்." எடுத்தேன். மறுவருஷம் மறுபடி வளர்ந்தது. மறுபடி எடுத்தேன். அவளுக்கு இருந்தது பாலிப். சின்னக் குழந்தைக்கு அது வருவது அபூர்வம். வந்தால் ஏன் வந்தது என்று தேட வேண்டும். படித்திருந்தேன். தேடவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது ஆரோக்கியமேரி எடை பார்த்தார். எட்டு வயதில் பதினைந்து கிலோதான். ஓயாத சளி வேறு. முன்பு குழந்தைகள் வார்டில் இருந்தவர், சட்டென்று அம்மாவிடம் கேட்டார்:

"பாப்பாவுக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குதாங்க?"

"ஆமாங்க சிஸ்டர், பொறந்ததுலேர்ந்து. நம்மூரு வெயிலுக்கு வேர்வைதானேன்னு விட்டுட்டேன்."

என் பக்கம் திரும்பினார். "இது வெறும் சதை இல்லை, டாக்டர்."

வேர்வையைப் பரிசோதிக்கச் சென்னைக்கு அனுப்பினோம். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்றார்கள். வேர்வையில் உப்பு மிகுந்து, நுரையீரலையும் குடலையும் கோழை அடைக்கும் பிறவி நோய், பாலிப்பும் அதனால்தான். அதற்குள் நுரையீரல் பாதி கெட்டிருந்தது. கயல் பத்து வயதைப் பார்க்கவில்லை.

அவள் இறந்த சேதி வந்த அன்று ஆரோக்கியமேரி மருந்து அறையில் நின்று அழுதார். "முதல் தடவையே நான் கேட்டிருக்கணும்." கேட்டிருக்க வேண்டியவன் நான். அதை அவரிடம்கூட நான் சொல்லவில்லை. கோழை.

நேற்று அடக்கத்துக்கு கயலின் அம்மா வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. அப்படித்தானே டாக்டர்?"

முடிந்திருக்கும். அந்த இரண்டு வருஷத்தில் எவ்வளவோ செய்திருக்கலாம். அது ஆரோக்கியமேரிக்கும் தெரியும். இவருக்காகப் பொய் சொன்னாரா, எனக்காகவா என்று இனி யாரிடம் கேட்பது? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய் ஒன்றுதான்.

"ஆமாம்மா" என்றேன்.