ஓங்கி அடிங்க, அக்கா

பக்கவாதம் வந்து எழுந்த பிறகு என்னை அதிகம் எரிச்சலூட்டியது வராத வலது கை அல்ல, பாராட்டு. டம்ளரைக் கீழே போடாமல் தூக்கினால் வீட்டுக்காரர் "சூப்பர்" என்பார். ஜாக்கெட் கொக்கியை நானே மாட்டிக்கொண்டேன் என்று கேட்டு மகள் சென்னையிலிருந்து போனில் கைதட்டினாள். நான் கணக்கு டீச்சராக இருந்தவள். அடிக்கோல் இல்லாமல் கரும்பலகையில் நேர்கோடு போட்டவள். தகுதியில்லாத நோட்டில் 'வெரி குட்' எழுதிப் பழக்கமே இல்லை. இப்போது ஊரே எனக்கு எழுதிக்கொண்டிருந்தது.

பிசியோதெரபி செய்த பெண், "விரலுக்கு வேலை குடுங்கம்மா" என்று ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். பிசைந்து பிசைந்து வெறுத்துப்போய், எதிர்த்தெரு மொட்டை மாடியில் தையல் போடும் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன்.

தகரக் கொட்டகை போட்ட மாடி. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். தெருவில் யார் வீட்டில் பழைய நூல்புடவை இருந்தாலும் அங்கே வந்துவிடும். நைந்துபோகாத பாகத்தை வெட்டி, ஒட்டுப்போட்டு, நாலு அடுக்காக வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் ஒரு விரிப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் வேதாரண்யம் பக்கத்துப் புயல் முகாம்களுக்கு அனுப்புவோம். கடலோரத்துச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சிமெண்டுத் தரையில் படுக்கும்போது அடியில் விரிக்க ஏதாவது வேண்டுமே. ஈரம், சேறு, பிள்ளைகளின் மூத்திரம் எல்லாம் படும். துவைத்துத் துவைத்துப் போட வேண்டும். அதனால் தையல் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்தைக் காத்தவர் அந்த மாடிவீட்டுக்குச் சொந்தக்கார அக்கா. அதிராம்பட்டினத்தில் பிறந்து இங்கே வாழ வந்தவர், என்னைவிட மூத்தவர். யார் தையலாக இருந்தாலும் அடியில் விரலை விட்டு இழுத்துப் பார்ப்பார். விரல் நுழைந்தால் போச்சு. "இது என்ன, கொசுவலையா? பிரிங்க" என்று மடியில் தூக்கிப் போடுவார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாளுக்கும் அதே கதிதான்.

என்னை மட்டும் அவர் ஒருநாளும் பிரிக்கச் சொன்னதில்லை.

என் விரல் நுனிகளுக்கு ஊசி உறைக்காது. கண்ணால் பார்த்துத்தான் குத்த வேண்டும். வெளுத்த புடவையில் வெள்ளை நூல் தெரியாததால் எனக்கு மட்டும் சிவப்பு நூல். ஒரு வரிசை போட ஒரு மத்தியானம் ஆகும். அதுவும் வரப்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஆனாலும் அக்கா தடவிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு டீச்சர்" என்பார். நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. என் முதல் விரிப்பு முடிந்து அலமாரியில் மற்றவற்றோடு ஏறிய அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் கை ரொம்ப விறைத்திருந்தது. ஊசி பிடிக்க முடியாததால் தலையணைக்குப் பஞ்சு அடைக்க உட்கார்ந்தேன். பஞ்சு என்று சொல்வதே தவிர, நூல் துண்டும் கத்தரித்த ஓரங்களும்தான். எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்திருப்போம். கையை விட்டு அள்ளியபோது பந்தாகச் சிவப்பு நூல் வந்தது. வெட்டிப் போட்ட மிச்ச நூல் நேராக இருக்கும். இது நெளிநெளியாக இருந்தது, தைத்துப் பிரித்த நூல். அந்த மாடியில் சிவப்பு நூலில் தைத்தவள் நான் ஒருத்திதான்.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். நடுவில் மஞ்சள் கட்டத் துண்டை வைத்திருந்ததால் என் விரிப்பு உடனே கிடைத்தது. மேலே முழுக்க வெள்ளை நூல். நேரான, நெருக்கமான, அழகான தையல்.

"யார் பிரிச்சது?" கடைசி பெஞ்சு வரை கேட்ட பழைய குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது.

அக்கா மறைக்கவில்லை. "நாங்கதான் டீச்சர். முடிச்ச அன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போனப்புறம் உக்காந்து மாத்திப் போட்டோம். உங்க தையல் ரெண்டு துவைப்புக்குத் தாங்காது. சொன்னா மனசு ஒடிஞ்சு வராம இருந்துடுவீங்களோன்னு..."

"மத்தவங்களுக்கு மடியில தூக்கிப் போடுறீங்க. எனக்கு மட்டும் முதுகுக்குப் பின்னாடியா? நான் இங்க வேலை செய்ய வர்றேனா, இல்ல பொழுது போக்க வர்றேனா?"

அவமானத்தில் காது சுட்டது. போய்விடலாம் என்று மாடிப்படி வரை வந்தேன். இறங்கினால் திரும்ப ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அப்புறம் களிமண் உருண்டையும் கைதட்டலும்தான் மிச்சம். திரும்பி வந்தேன்.

"புதுசா ஒண்ணு தைக்கிறேன். யாரும் தொடக் கூடாது. முடிஞ்சதும் கீழ துவைக்கிற கல்லுல அடிச்சுப் பாருங்க. தாங்குச்சுன்னா வேதாரண்யம் போகட்டும். தாங்கலேன்னா நான் தலையணை அடைச்சுக்கிட்டே கிடக்கிறேன்."

அக்கா "சரி" என்றார்.

புரட்டாசி முழுக்கத் தைத்தேன். வீட்டுக்கும் எடுத்துப் போனேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "சூப்..." என்று ஆரம்பித்ததும் "பேசாதீங்க" என்றேன். அவர் பேப்பருக்குள் போய்விட்டார். கை விறைத்தால் வெந்நீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடி உட்கார்வேன். நூலை இரட்டையாகக் கோத்தேன். தையல் அப்போதும் வளைந்தது. வளைந்தால் வளையட்டும், விரல் நுழையக் கூடாது என்று ஒவ்வொரு வரிசையையும் நானே இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

முடித்த அன்று எல்லாரும் கொல்லைப்பக்கத்துக் கல்லைச் சுற்றி நின்றார்கள். அக்கா விரிப்பை நனைத்து, சோப்புப் போட்டு, கல்லில் அடித்தார். தூங்குகிற பிள்ளையைக் கீழே கிடத்துவது போல ஓர் அடி.

"ஓங்கி அடிங்க, அக்கா."

அடுத்ததும் அப்படித்தான் விழுந்தது.

"முகாம்ல துவைக்கிறவங்க இப்பிடியா அடிப்பாங்க? ஓங்கி அடிங்க!"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். அடுத்த அடியில் தண்ணீர் எங்கள் எல்லார் மேலும் தெறித்தது. அடித்தார், முறுக்கினார், மறுபடி அடித்தார். பிறகு ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தோம். அக்கா வரிசை வரிசையாக விரலால் இழுத்துக்கொண்டே போனார். வளைந்த சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. பாதி தாண்டியதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கடைசி ஓரத்தில் அவர் விரல் நின்றது. அங்கே ஒரு சாண் நீளத்துக்கு நூல் அறுந்து, அடுக்குகள் வாயைப் பிளந்திருந்தன.

"இவ்வளவுதானே, பரவாயில்ல டீச்சர், நான் ரெண்டு தையல் போட்டுடறேன்" என்று பேங்க் அம்மாள் ஊசி எடுக்கக் கிளம்பினார். எனக்கோ தலையணை அடைப்பதாக நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்று அக்கா அவரை நிறுத்தினார். ஈர விரிப்பைச் சுருட்டித் தொப்பென்று என் மேல் போட்டார். நல்ல கனம். விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இது என்ன, கொசுவலையா? காய வச்சு, பிரிச்சு, மறுபடி போடுங்க. வெள்ளிக்கிழமை வண்டி வருது."

நோய் வந்த பிறகு என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை. புடவையெல்லாம் நனைந்து, கண்ணும் நனைந்து, "சரிங்க அக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வேன்காரர் ஹாரன் அடித்தபோது நான் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். நுழையவில்லை. மடித்து, வேனுக்குப் போகும் அடுக்கில் வைத்துவிட்டு அடுத்தவர் விரிப்பை எடுத்தார்.