சின்னப்பனுக்கு ஒரு மரண அறிவிப்பு

கிடைத்துவிட்டது! விழுப்புரம் நூலகத்தின் பழைய செய்தித்தாளில், தங்கச் சுரங்கம் இடிந்து இறந்த வெள்ளைக்காரத் துரைக்கு அரைப் பக்க இரங்கல். அதன் கடைசி வரி: ‘கூலியாள் ஒருவனும் மாண்டான்.’ அந்த ஒருவன்தான் என் கொள்ளுத்தாத்தா சின்னப்பன்.

விரலில் அச்சுமை ஒட்டியது. கல்லறைத் திருநாளில் அத்தையின் விரலும் இப்படித்தான் கறுத்திருக்கும். திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வெறுங்கல் மேல் வருடாவருடம் அடுப்புக்கரியால் அவர் பெயரை எழுதுவாள். அடுத்த மழையில் அது அழிந்துவிடும்.

“பொணமே வர்ல, பேரு எதுக்கும்மா?” என்பார் கல்லறைக் காவலாளி.

“பொணத்த சுரங்கமே வச்சிக்கினு இருக்கட்டும். பேர வுட மாட்டேன், போய்யா!”

நூலகத்திலிருந்து நேராக அந்தச் செய்தித்தாளின் அலுவலகத்துக்குப் போய், மரண அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன்.

“எப்ப எறந்தாரு?” என்றார் ஊழியர்.

“எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி. அப்ப உங்க பேப்பர்ல பேர வுட்டுட்டீங்க சார். இப்பப் போடுங்க.”