என் ஓர்ப்படியின் தலையசைப்பு

அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் என் ஓர்ப்படியின் காதில் ஜிமிக்கி ஆடிக்கொண்டே இருக்கும். நான் இந்த மலைக்கு மருமகளாக வந்த புதிதில், சாமை புடைக்க அவளோடு உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். காற்றே இல்லை. என் காதில் இருந்தது சும்மா தொங்கியது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆடியது ஜிமிக்கி இல்லை, தலை. யாரோ சொல்வதற்கெல்லாம் சரி சரி என்பதுபோல் மெல்ல மெல்ல முன்னும் பின்னும் அசைந்தது. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரிந்திருந்தது. காளியம்மன் அவள்மேல் இறங்கியிருக்கிறாள் என்றார்கள். மாடு தொலைத்தவர்கள், மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள், கிணறு வெட்ட நினைப்பவர்கள் எல்லோரும் வந்து அவள் முன்னால் கைகட்டி நின்று கேட்பார்கள். அவள் வாய் திறக்க மாட்டாள். தலை ஆடும். அம்மன் சரி சொல்லிவிட்டாள் என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள். முடியாது என்ற பதிலோடு எங்கள் வாசலை விட்டு யாரும் போனதில்லை. அவளுக்கு அது கூச்சம். "நான் இன்னா சொன்னேன்? அதுங்களா எடுத்துக்குனு போவுதுங்க" என்று என்னிடம் மட்டும் முணுமுணுப்பாள்.

போகப்போக அவளுக்கு மேடு ஏற முடியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவாள். படுத்தால் நெஞ்சை அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். அம்மனைச் சுமக்கிற உடம்பு, பாரம் இருக்கத்தானே செய்யும் என்று அதற்கும் ஊர் காரணம் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டபோது நான் என் முதுகு வலிக்காகப் போனேன். அக்கா துணைக்கு வந்தாள். டாக்டரம்மா எனக்கு மாத்திரை எழுதிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையைத் தூக்கிப் பிடித்து நாடி பார்த்தார். நகத்தை லேசாக அழுத்தினார். நகத்துக்கடியில் சிவப்பு வருவதும் போவதுமாக இருந்ததை எனக்கும் காட்டினார். ரத்த அழுத்தத்தில் மேலே உள்ள எண் அதிகமாகவும் கீழே உள்ளது மிகக் குறைவாகவும் இருந்ததாம். முன்னால் குனியச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பின்னாலேயே முட்டி வீங்கியதா என்று கேட்டார். ஆமாம், ஒரு முட்டி விட்டு ஒரு முட்டி வீங்கி நடக்கவே முடியாமல் கிடந்தேன் என்றாள் அக்கா.

அந்தக் காய்ச்சல்தான் இதயத்தின் வால்வைக் கெடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய்க்குப் போகும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது, ரத்தம் போனதும் அது மூடிக்கொள்ள வேண்டும், இவளுக்குச் சரியாக மூடாததால் போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்ப உள்ளேயே ஒழுகுகிறது, அதையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கிவிட்டது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தலை ஆடுவதும் அந்தத் துடிப்பின் வேகத்தில்தான். கீழே ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்து உறுதி செய்துகொண்டு, வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் இதயம் ஓய்ந்துவிடும் என்றார். அக்காவின் முகத்தில் பயம் இல்லை. "சாமின்னா எப்பவாச்சும்தான வரும் டாக்டரம்மா. இது சோறு துன்னும்போதும் ஆடுதே, நானே நெனச்சேன்" என்றாள்.

ஊர் ஒப்பவில்லை. அம்மன் உட்கார்ந்த நெஞ்சைக் கத்தியால் திறப்பதா என்றார்கள். அவள் கணவரே தயங்கினார். கடைசியில் எங்கள் வழக்கப்படி பூ கேட்பதென்று முடிவாயிற்று. அம்மன் சிலையில் பூ வைத்துக் காத்திருக்க வேண்டும். வலது பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. "எனுக்குப் போவணும்டி. எங்கிட்ட மட்டும் யாருமே கேக்கல பாரு" என்று கோயிலுக்குப் போகும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னதையும் இதையும் நான் பூசாரியிடம் ஓரமாகப் போய்ச் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டே பூத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பூ வைத்தார்கள். விழவில்லை. எந்தப் பக்கமும் விழவில்லை. கூட்டத்தில், வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. பூசாரி சிலையை விட்டு அக்காவின் பக்கம் திரும்பி, கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"தாயே, இந்தப் பொண்ண கீழ இட்டுனு போயி, நெஞ்ச சரி பண்ணி கூட்டியாரலாமா?"

அக்காவின் தலை ஆடியது. எல்லோரும் பார்த்தார்கள். அவள் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போகாமல் இங்கேயே இருக்கட்டுமா தாயே என்று கேட்டிருந்தாலும் அந்தத் தலை அப்படித்தான் ஆடியிருக்கும். பூசாரிக்கும் அது தெரியும். ஆனால் எதைக் கேட்பது என்று அவர் நாவில் வைத்தவள் அம்மன்தான். இதை நான் யாரிடமும் வாதாட மாட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவள் நெஞ்சில் செயற்கை வால்வு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரம்போல் சத்தம் கேட்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பஸ் பிடித்துக் கீழே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். அந்த மாத்திரையின் வேலை கெடாமலிருக்கக் கீரையை ஒருநாள் அள்ளியும் ஒருநாள் விட்டும் தின்னாமல் ஒரே அளவாகத் தின்கிறாள். பழைய காய்ச்சல் திரும்பாமலிருக்க ஊசியும் தவறுவதில்லை. எந்தப் பிள்ளைக்காவது தொண்டை வலி என்றால் அவளே அதன் அம்மாவைத் திட்டி ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறாள்.

அடுத்த வருஷத் திருவிழாவில் கோயில் மேட்டை எங்கும் நிற்காமல் ஏறினாள். பூசாரி குங்குமம் வைத்தபோது தலை அசையவே இல்லை. பெண்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தோம். பந்தியில் உட்கார்ந்த பிறகு எதிர் வீட்டு ஆயா மனசு கேட்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏம்மே, அப்போ சாமி உன்ன வுட்டுப் போய்டுச்சா?"

அக்கா களி உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடி சொன்னாள்:

"போயிருந்தா, நான் இங்க குந்திக்குனு களி துன்னுவனா ஆயா?"

ஆயா தன் இலையை நகர்த்திக்கொண்டு அவளை ஒட்டி உட்கார்ந்தாள். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் குழம்பு ஊற்றினேன்.