நாலு கம்பியும் மூணரை விரலும்

நான் எங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கிட்டது அவரோட கிட்டாருக்காகத்தான். இதை நான் யாருகிட்டயும் மறைச்சதில்ல, அவருகிட்டயும்தான். இலங்கையில ருவான்வெல்லைக்கு மேல ஒரு ரப்பர் தோட்டத்துலதான் எங்களுக்கு வேலையும் வீடும். கோயில் திருவிழாவுக்கு மேடை போட்டா எல்லாரும் பாடுறவரைப் பாப்பாங்க. நான் மட்டும் பின்னால ஓரமா நின்னு கிட்டார் வாசிக்கிற ஆளைப் பாத்துக்கிட்டு இருப்பேன். "கம்பியைத் தட்டுறவன் கஞ்சி ஊத்துவானாடி?"ன்னு எங்கம்மா கேட்டாங்க. "பெக்டரில வேலை இருக்கும்மா, ஊத்துவாரு"ன்னேன். ஊத்தினாரு. சாயங்காலமானா எங்க வரிசை வீட்டு லயத்து வாசல்ல உக்காந்து வாசிக்கவும் செஞ்சாரு.

அப்புறம் ஒரு நாள், உறைஞ்ச ரப்பர் பாலை ஷீட்டா அழுத்துற ரோலர் மெசின்ல அவரோட இடது கை மாட்டிருச்சு. சுண்டு விரல் முழுசாப் போச்சு, மோதிர விரல் பாதி போச்சு. மனுசன் உசுரோட வந்தாரே, அது போதும்னு நான் எல்லாத் தெய்வத்துக்கும் கும்பிடு போட்டேன். வேலையும் போகல. ரோலர்ல இருந்து எடுத்து ஸ்மோக் ரூமுக்கு மாத்தினாங்க. ஷீட்டை மூங்கில் கம்புல வரிசையாத் தொங்கவிட்டு, அடுப்புல ரப்பர் விறகு எரிச்சு, புகையிலயே காயவைக்கிற ரூம் அது.

போனது கிட்டார்தான். கையில கட்டு அவிழ்த்த அன்னைக்கு எடுத்து மடியில வச்சாரு. ரெண்டு நிமிசம் இருக்கும். எடுத்த எடத்துலயே திரும்ப வச்சாரு. அடுத்த நாள் மியூசிக் குரூப் பையன்களைக் கூப்பிட்டுத் தூக்கிக் குடுத்துட்டாரு. "கையை மாத்திப் பிடிச்சு வாசிச்சா என்ன?"ன்னு கேட்டேன். "நீ இடது கையால சோறு தின்னுவியா?"ன்னு திருப்பிக் கேட்டாரு.

அதுக்கப்புறம் அந்தக் கை வெளிய வந்ததே இல்ல. தோள்ல போட்ட துண்டுக்குள்ள இருக்கும், இல்லாட்டி கால்சட்டைப் பையில இருக்கும். ரோட்டுல ஒண்ணா நடந்து போனா, நான் தெரியாத்தனமா அவருக்கு இடது பக்கம் வந்துட்டேன்னு வைங்க, சுத்தி வந்து வலது கைப்பக்கம் என்னை மாத்திக்குவாரு. மூணு வருசம் அப்படி. விரலைப் பத்தி யாரும் பேசமாட்டாங்க, அவரும் பேசமாட்டாரு. வாசல்ல உக்காருவாரு, பீடி குடிப்பாரு, உள்ள போயிருவாரு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனா அந்த விசயத்துல எனக்கும் வாய் வரல. என் புருசன் பக்கத்துலயே இருந்தாரு, ஆனா எனக்கு அவரு வேணும்னு இருந்துச்சு. அப்படித்தான் சொல்லத் தெரியுது.

புளத்கொகுபிட்டியவுல அவரு கூட வேலை செஞ்ச சிங்கள ஆள் ஒருத்தர் வீட்டுக் கல்யாணம். இவரு வரல, நான்தான் போனேன். அங்க கலிப்சோ குரூப் ஒண்ணு வந்திருந்துச்சு. தெரியும்ல, தொப்பி போட்டுக்கிட்டு மேசை மேசையா வந்து பாடுவாங்களே, அவங்கதான். அதுல ஒரு வயசானவர் கையில கிட்டாரை விடச் சின்னதா ஒண்ணு. நான் அதுல கம்பியை எண்ணினேன். நாலு. திரும்ப எண்ணினேன். நாலேதான். சோத்துத் தட்டைக் கீழ வச்சுட்டுப் போய், "அங்கிள், மேக்க மொகக்த?"ன்னு, இது என்னன்னு கேட்டுட்டேன்.

அது பாரிடோன் யுகலேலேன்னு சொன்னாரு. யுகலேலேல நாலு அளவு இருக்காம். சின்னது மூணுக்கும் சுருதி வேற. இந்தப் பெருசு மட்டும் கிட்டாரோட கீழ் நாலு கம்பி மாதிரியே சுருதி வைக்கிறதாம். "கிட்டார் தெரிஞ்சவனுக்குப் புதுசா ஒண்ணும் படிக்கத் தேவையில்ல"ன்னு கம்பிகளைச் சேர்த்து ஒரு கோட் புடிச்சுக் காட்டினாரு. ஒரே விரல். இன்னொண்ணு காட்டினாரு. ரெண்டே விரல். கல்யாணப் பொண்ணு எந்த நிறத்துல சேலை கட்டியிருந்தான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

காசு எப்படிச் சேர்த்தேன்னு கேக்காதீங்க, அது தனிப் புராணம். நாட்டுல சண்டை நின்னிருந்த காலம் அது. கொழும்புக்குப் போற பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி அடையாள அட்டை கேக்கிறதெல்லாம் குறைஞ்சிருந்துச்சு. பல்லுவலி, கொழும்புல காட்டிட்டு வாறேன்னு வீட்டுல ஒரு பொய்யைச் சொல்லிட்டு, விடியக்காலை பஸ்ஸுல ஏறிட்டேன்.

வாத்தியக் கடையில ஒரு சிங்கள அம்மா இருந்தாங்க. என்னை "நங்கி, நங்கி"ன்னு தங்கச்சி முறை வச்சுத்தான் கூப்பிட்டாங்க. முதல்ல பச்சை, ரோஸ் கலர்ல குட்டிக் குட்டியா எடுத்துப் போட்டாங்க. "புள்ளைக்குத்தானே?" "புள்ளைக்கில்ல, புருசனுக்கு"ன்னேன். அப்புறம்தான் உள்ளயிருந்து பாரிடோன் மூணு வந்துச்சு.

எனக்கு ஒரு கோட் கூடத் தெரியாது. ஆனா எதைப் பாக்கணும்னு தெரியும். தலைமுடியில போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழட்டி, என்னோட இடது கை சுண்டு விரலையும் மோதிர விரலையும் மடக்கிச் சேர்த்துக் கட்டினேன். அந்தம்மா பயந்துட்டாங்க. "அனே நங்கி, மொகத கரன்னே?" என்ன செய்றேன்னு கேட்டாங்க. சொன்னேன். ரோலர் மெசின், விரல், துண்டுக்குள்ள கை, எல்லாத்தையும் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாததை முன்ன பின்ன தெரியாத பொம்பளைகிட்ட கொட்டிட்டேன். அவங்க ஸ்டூலை இழுத்து என் பக்கத்துல போட்டு உக்காந்து, மீதி விரலை எங்கெங்க வைக்கணும்னு ஒவ்வொண்ணா வச்சுக் காட்டினாங்க.

முதல் வாத்தியத்துல கழுத்து தடியா இருந்துச்சு, எட்டல. ரெண்டாவது நல்ல அழகு, ஒரே பலகையில மேல் மூடி போட்டது, சத்தமும் மணி மாதிரி. அந்தம்மாவே வேணாம்னுட்டாங்க. "உங்க பக்கத்து மழைக்கு இந்தப் பலகை வெடிச்சிரும். தட்டுப்பலகை ஒட்டிச் செஞ்சதை எடு. சத்தம் கொஞ்சம் கம்மி, ஆனா தாங்கும்." மூணாவது அதுதான். கழுத்தைக் கண்ணுக்கு நேரா வச்சு வளைஞ்சிருக்கான்னு பாத்தாங்க, கம்பியை ஒவ்வொரு கட்டத்துலயும் அழுத்தி எங்கயாவது கிர்ருங்குதான்னு கேட்டாங்க. கம்பியெல்லாம் நைலோன். அரைவிரல் நுனியில பட்டாலும் வலிக்காதுன்னு நானே தடவிப் பாத்தேன்.

கூட வேண்டிய சாமானுக்கு வந்தோம். மழைக்கு நனையாத பஞ்சு வச்ச பை ஒண்ணு. தோள்வார் ஒண்ணு. அது கட்டாயம் வேணும்னாங்க. விரல் குறைஞ்ச கை வாத்தியத்தையும் தாங்கி, கம்பியையும் அழுத்த முடியாதாம். வார் மாட்ட யுகலேலேல ஆணி இல்ல, கடையிலயே துளை போட்டுப் பூட்டிக் குடுத்தாங்க. சுருதி சேர்க்க ஊதுற பைப் ஒண்ணு. அப்புறம் ஒரு செட் கம்பி. "பாரிடோன் கம்பி எங்கயும் லேசில கிடைக்காது, இப்பவே வாங்கி வை"ன்னாங்க. கோட்ஸ் புத்தகம் மட்டும் வேணாம்னுட்டேன். அது எல்லாம் அந்த மனுசன்கிட்ட ஏற்கனவே இருக்கு, வெளிய வரத்தான் மாட்டேங்குது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். எட்டிப் பாத்தாரு. "பல்லைப் புடுங்கப் போனவ என்னத்தைப் புடுங்கிட்டு வந்திருக்கா பாரு"ன்னாரு. அப்புறம், "இது சின்னப் புள்ளைங்க வெளையாட்டுச் சாமான். இதுல இன்னொரு செட் கம்பி வேறயா? இதையே தொடப்போறதில்ல, அது எதுக்கு?"ன்னாரு. துண்டுக்குள்ள கையை இன்னும் உள்ள இழுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. நான் பையைச் சுவத்துல ஆணியில மாட்டிட்டு, அடுப்படியில போய் பாத்திரத்தையெல்லாம் டமார் டமார்னு போட்டுக் கழுவினேன்.

அது அப்படியே தொங்குச்சு. மழைக்காலம் வந்துச்சு. எங்க பக்கத்து மழைய வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்பமாட்டாங்க. காலுக்குப் போடுற சப்பாத்துல பூசணம், சாமி படத்துல பூசணம், சோத்துச் சட்டி மூடியில கூடப் பூசணம். அப்ப எங்களுக்கு ஒரே கதி ஸ்மோக் ரூம்தான். தோட்டத் தொரைக்குத் தெரியாம எல்லாத்தையும் அங்கதான் காயப்போடுவோம். ஸ்கூல் புள்ளைங்க சப்பாத்து, தீபாவளிச் சட்டை, கல்யாணச் சேலை எல்லாம் ஷீட்டோட ஷீட்டா தொங்கும். எங்க தோட்டத்துல கல்யாணப் பொண்ணே புகை வாசத்தோடதான் மணவறையில உக்காருவா. நான் வேலை பாத்தது புள்ளக் காம்பராவுல, ரப்பர் பால் வெட்டப் போற பொம்பளைங்க கைக்குழந்தைங்களை விட்டுட்டுப் போற இடம். அந்தக் குழந்தைங்க ஈரத்துணியையும் தினம் மூட்டையாக் கட்டி இவருகிட்டதான் குடுத்து விடுவேன்.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தா ஆணி மொட்டையா இருக்கு. பை கீழ கிடக்கு, உள்ள ஒண்ணுமில்ல. யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாரு, கிட்டாரைக் குடுத்த மாதிரி இதையும் குடுத்துட்டாரு! எனக்கு வந்துச்சே கோவம். மழையில குடை கூட எடுக்காம பெக்டரிக்கு ஓடினேன். ஸ்மோக் ரூம் கதவைத் தள்ளிக்கிட்டு, "எங்கய்யா அது?"ன்னு கத்தினேன்.

அண்ணாந்து பாத்தா, மஞ்சள் மஞ்சளாத் தொங்குற ஷீட்டுக்கு நடுவுல, தோள்வார்ல மாட்டி, யுகலேலே தொங்குது.

"பூசணம் புடிக்க ஆரம்பிச்சிருச்சு புள்ள"ன்னாரு. "பாக்கப் பொறுக்கல. காலையிலதான் மாட்டினேன், கதவோரமா, சூடு கம்மியான எடத்துல..." எடுத்துக் கீழ இறக்கினாரு. கம்பியைக் கட்டி வைக்கிற கட்டை பலகையை விட்டு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. சூட்டுல பசை இளகிருச்சு. கம்பி எல்லாம் தொளதொளன்னு கிடக்கு.

அட பாவி மனுசா, சப்பாத்தும் கோவணத்துணியும் இதுவும் ஒண்ணான்னு ஆரம்பிச்சவ, அவரு மூஞ்சியைப் பாத்து நிறுத்திட்டேன். கண்ணு கலங்கி நிக்கிறாரு. கிட்டாரைக் குடுத்தப்பக்கூட அப்படி நிக்கல. தொடமாட்டேன்னு சொன்ன மனுசன், அதுல பூசணம் புடிக்குதான்னு தினம் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு! கோவமெல்லாம் எங்க போச்சோ தெரியல. "சரி, உடைஞ்சா ஒட்டுவோம்"ன்னேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. லயத்து வாசல்ல சாக்கை விரிச்சு உக்காந்தோம். பழைய பசையைச் சுரண்டினாரு, புதுப் பசை தடவினாரு, கட்டையை வச்சு அழுத்தி, சைக்கிள் டியூபை நீளமா வெட்டிச் சுத்துச் சுத்துன்னு சுத்தினாரு. "புடி புள்ள, நழுவுது, இந்தப் பக்கம் புடி"ன்னு என்னை அதட்டுறாரு. மேல பாரத்துக்குக் கரி இல்லாத இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வச்சோம். லயத்துல பாதிப் பேர் சுத்தி நின்னு ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. அப்பத்தான் கவனிச்சேன், துண்டு பக்கத்துல கிடக்கு, ரெண்டு கையும் வெளிய இருக்கு. மறந்துட்டாரு. நான் டியூபை இன்னும் இறுக்கிப் புடிச்சேன்.

பசை நல்லா இறுகினப்புறம் பழைய கம்பியைப் பாத்தோம். சூட்டுல இழுபட்டு ஒண்ணுக்கும் உதவாது. அலுமாரியில இருந்து அந்த இன்னொரு செட்டை எடுத்து அவரு மடியில போட்டேன். "இது எதுக்குன்னு யாரோ கேட்டாங்களே?"ன்னேன். எனக்கு அவ்வளவு நாள் வாயைக் கட்டி வச்சிருந்ததுக்கு அது ஒண்ணாவது வேணும்ல? சிரிச்சாரு. நான் பைப்பை ஊத, அவரு முறுக்க, நான் ஊத, அவரு முறுக்க, அரைமணி நேரம் எனக்குக் கன்னம் வலிச்சுப் போச்சு. அப்புறம் ஒரு விரல் வச்சாரு. தட்டினாரு. ரெண்டு விரல் வச்சாரு. அரைவிரலை மெல்ல ஒரு கம்பியில வச்சுப் பாத்தாரு, எடுத்தாரு, திரும்ப வச்சாரு. சத்தத்தோட புகை வாசம் வேற கிளம்பி வருது. நான் அன்னைக்குச் சோறு ஆக்கவே இல்ல.

ஆனாலும் ஆளுங்க முன்னால வாசிக்கமாட்டாரு. வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுத்தான் வாசிப்பாரு. நானா விடுறவ? புள்ளக் காம்பராவுல குழந்தைங்க தூங்கமாட்டேங்குதுங்க, ஒரு நாள் வந்து வாசிங்கன்னு நச்சரிச்சேன். "சின்னப் புள்ளைங்கதானே, அதுங்களுக்கு என்ன தெரியும்?"ன்னு சொல்லிச் சொல்லித்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்.

தோள்வாரை மாட்டிக்கிட்டுப் பலகையில உக்காந்து வாசிச்சாரு. தொட்டில்ல இருந்ததுங்க எல்லாம் எட்டிப் பாத்துச்சுங்க. மூணு வயசுப் பொண்ணு ஒருத்தி, வாய் எனக்கு மேல, தத்தித் தத்தி வந்து அவரோட இடது கையைப் புடிச்சுட்டா. வாசிப்பு நின்னுபோச்சு. அந்த அரைவிரலைத் தொட்டுப் பாத்து, பக்கத்துல இல்லாத விரலோட எடத்தைத் தடவிப் பாத்து, "மாமா, வெரல் எங்க?"ன்னு கேட்டா.

மூணு வருசமா நான் கேக்காதது. எந்திரிச்சுப் போயிருவாரு, இனி அந்தப் பையைத் திறக்கவே மாட்டாருன்னு நினைச்சேன்.

"அதுவா? மெசின் தின்னுருச்சு"ன்னாரு.

"மெசினுக்குப் பசிச்சுச்சா?"

"பசிச்சிருக்கும் போல. மிச்சத்தை மாமாவுக்கு வச்சுட்டுப் போயிருச்சு. இந்தா பாரு, இது போதும்." திரும்ப வாசிச்சாரு. அந்தப் புள்ள அவரு முழங்கால்ல சாஞ்சுக்கிட்டு, விரல் ஓடுறதையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு வெளிய போய், கொட்டுற மழையைப் பாத்துக்கிட்டு நல்லா அழுதேன்.

சாயங்காலம் மழை விட்டுச்சு. ரெண்டு பேரும் லயத்துக்கு நடந்து வந்தோம். யுகலேலே அவரு முதுகுல. நான் பேச்சு வாக்குல அவருக்கு இடது பக்கம் வந்துட்டேன். சுத்தி வருவாருன்னு பாத்தேன். வரல. அந்தக் கையாலயே என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. மூணரை விரல்தான், ஆனா இறுக்கிப் புடிச்சாரு. லயத்து வாசல்ல இருந்தவங்க எல்லாரும் பாத்தாங்க.

பாக்கட்டும்.