பூரணி கொடுத்த இரத்தம்

பூரணி அழுது எங்கள் லயத்து வீடுகளில் யாரும் பார்த்ததில்லை. அழாத பெண்ணை ஊர் நம்பாது. மகள் ஜீவராணி காணாமல் போன நான்கு வருடமும், "பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு" என்று குழாயடியில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருந்த எனக்குத்தான் தெரியும், தனியாக இருந்தும் அவள் தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடித்தாள். மிச்சம் காலையில் என் கோழிகளுக்கு வரும்.

மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். இது நடந்து இருபது வருடமாகிறது. அப்போது நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். சிங்களத்தில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வதும் என் தலையில்தான்.

ஜீவராணியின் புருஷன் சுதாகரன், லொறி ஓட்டுபவன். "எவனோடயோ ஓடிட்டா" என்றான். எல்லோரும் நம்பினார்கள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும்தான். பூரணி மட்டும் நம்பவில்லை.

"எங்கிட்ட சொல்லாம ஒரு சட்டை வாங்க மாட்டா மாஸ்டர். சொல்லாம எப்படிப் போவா?"

நாலாவது வருடம் மழை பொய்த்தது. நீர்த்தேக்கம் வற்றி, முழுகிப்போன பழைய கோயில் வெளியே தெரிந்தது. பார்க்கப் போனவர்கள் சேற்றில் ஒரு சாக்கைக் கண்டார்கள். உள்ளே கல்லும் எலும்பும். இளம் பெண்ணின் எலும்பு என்றார் டாக்டர். யாருடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பொலிஸார் சுதாகரனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். எலும்பு ஜீவராணியுடையது என்று நிரூபித்தால் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவான்.

அப்போதுதான் டிஎன்ஏ என்ற பேச்சு எங்கள் பக்கம் வந்தது. தாயின் இரத்தத்தையும் எலும்பையும் கொழும்பில் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஆஸ்பத்திரியில் பூரணி கையை நீட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் முகம் வெளிறியது. ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். படித்தவன் புத்தி அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இரத்தம் கொடுத்தவருக்கும் இறந்தவருக்கும் தாய் மகள் உறவு இல்லை என்று எழுதியிருந்தது.

"அப்ப அது நம்ம ஜீவா இல்ல, பூரணி! எங்கயோ உசுரோட இருக்கா!" என்று சத்தமாகச் சொன்னேன்.

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அவதான் மாஸ்டர். நாந்தான் அவளப் பெக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு மூன்று கரு தங்கவில்லை. ராகலையில் இருந்த நாத்தனார் மீனம்மாவுக்கு நாலாவதும் பெண். தங்கச்சியிடம் கேட்டுப் பிள்ளையை வாங்கி வந்தவர் பூரணியின் புருஷன் வீரய்யா. பூரணிக்குப் பிறந்ததாகவே பதிந்துவிட்டார்கள். வாங்கிய அன்றே வாசலில் வைத்து மீனம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "இனி இவ ஏம் புள்ள. பாக்க வராத."

மீனம்மா வரவில்லை. பிள்ளை பெரியமனுஷி ஆனதற்குச் சொல்லி அனுப்பவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் அவளாக வந்தாள். "கடைசிப் பந்தியில ஒக்கார வச்சேன்" என்றாள் பூரணி, தலையைக் குனிந்துகொண்டு. வீரய்யா செத்துப்போன பிறகு இந்த விஷயம் அந்த இரண்டு பெண்களுக்குள் மட்டும் கிடந்தது.

"தெரிஞ்சுமா ரத்தம் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இருபத்திரெண்டு வருசம் ஏங் கைச் சோத்தத் தின்னா. அந்தச் சோறுதானே ரத்தமா ஊறுது? எப்படியும் ஒத்துப்போகும்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெத்த மனம் பித்து என்கிறார்கள். வளர்த்த மனத்துக்குப் பழமொழியே இல்லை. இருந்தால் அதில் கொஞ்சம் விஷமும் இருக்கும்.

"வாயத் தொறந்தா நான் அவளுக்கு அம்மா இல்ல. தொறக்காட்டி அவன் வெளிய வந்துருவான்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, ராகலைக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் ஹட்டன், நுவரெலியா என்று மாறி மாறிப் போனோம். மீனம்மா லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பூரணி நின்றபடியே சொல்லி முடித்தாள். மீனம்மா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தக் கையில ஊசி போடுவாங்க, அண்ணி?"

அவள் இரத்தம் ஒத்துப்போனது. சுதாகரன் தண்டனை பெற்று மறியலுக்குப் போனான். லயத்தில் பேச்சு மாறியது. "பெக்காதவ, அதான் அழல." இவர்களை என்ன செய்வது?

வழக்கு முடிந்து, எலும்புகளைக் கொண்டுபோகச் சொல்லிப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பெண்களும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பொலிஸ்காரர் கடதாசியைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில், "அம்மா கவுத?" என்று கேட்டார். அம்மா யார்?

பழக்கதோஷத்தில் பூரணி எழுந்துவிட்டாள். பிறகு மீனம்மாவின் தோளைத் தொட்டு, "இவதாங்க" என்றாள். மீனம்மா கையெழுத்து வைத்து, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில்தான் பூரணி வாயைத் திறந்தாள். "ஒங்க அண்ணன் பக்கத்துல எடம் இருக்கு மீனா. நம்ம தோட்டத்துலயே அடக்கம் பண்ணிருவோமே."

"இல்ல அண்ணி. ஒங்ககிட்ட இருபத்திரெண்டு வருசம் இருந்தா. இனி எங்கிட்ட இருக்கட்டும்."

சண்டை வரும் என்று நான் பயந்தேன். பூரணி பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். மீனம்மா நுவரெலியா பஸ்ஸில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"பாக்கணும்னா எப்ப வேணும்னாலும் வாங்க, அண்ணி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூரணி அழவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, "நம்ம பஸ்ஸு எது மாஸ்டர்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் என் கோழிகளுக்குச் சோறு வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை.